உறைந்த ஏரிக்குக் கொண்டுபோன கடிதம்

1

தண்ணீரின் மேல் நடந்தேன் என்று எழுதினால் தலவாக்கலையில் ஒருவரும் நம்பமாட்டீர்கள். ஆனால் நடந்தேன். காலில் இரண்டு சோடி கம்பளிக் காலுறை, அதற்கு மேல் துரையின் பழைய சப்பாத்து, சேலைக்கு உள்ளே ஆண்பிள்ளைக் காற்சட்டை, எல்லாவற்றுக்கும் மேலே முழங்காலுக்குக் கீழே தொங்குகிற மேலங்கி. இந்தக் கோலத்தில் ஒரு நாள், காலையில் வேலைக்குப் பெயர் கூப்பிடுகிற பெரட்டில் போய் நின்றிருந்தால், கங்காணி உட்பட எல்லோரும் சிரித்தே அரைநாள் வேலை கெட்டுப்போயிருக்கும்.

என்னைத் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். என் பெயர் பழனியம்மா. திம்புள்ளப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் பெரிய துரையின் பங்களாவில் ஆயாவாக இருந்தவள். துரை வேலையை விட்டுக் கனடாவுக்குப் புறப்பட்டபோது அவருடைய மகள் ஹெலனுக்கு மூன்று வயது. என் கையால் ஊட்டினால்தான் சாப்பிடுவாள். ஆகவே பீங்கான் கோப்பைகளையும் புத்தகங்களையும் பெட்டியில் அடைத்தபோது என்னையும் சேர்த்துக் கொண்டுவந்தார்கள். என் மகள் தனலெட்சுமிக்கு அப்போது நாலு வயது. அவளை என் அக்கா பேச்சியம்மாவிடம் விட்டு வந்தேன். இரண்டு வருடத்தில் வந்துவிடுவேன் என்று சொல்லிவிட்டுத்தான் வந்தேன். இந்த மாதத்தோடு பத்து வருடம்.

இங்கே துரை மலையடிவாரத்தில் சிறிய ஹோட்டல் ஒன்று நடத்துகிறார். ஹெலனுக்கு ஆயா தேவைப்படாத வயது வந்ததும் என்னைக் குசினிக்கு மாற்றினார்கள். ஹோட்டலுக்குப் பின்னால் மலைகளுக்கு நடுவே, மின்சாரத்துக்காக அணை கட்டித் தேக்கிய ஏரிகள் இருக்கின்றன. குளிர்காலம் தொடங்கி இரண்டு மூன்று வாரத்தில் அவை உறைந்துவிடும். அந்தப் புது ஐஸில்தான் ட்ரவுட் மீன் நன்றாகக் கடிக்கும் என்று துரை ஆண்டுதோறும் போவார். பிடிக்கிற மீனை அங்கேயே பொரிக்க ஆள் வேண்டும் என்று இந்த முறை என்னையும் கூப்பிட்டார். ஹெலனும் வந்தாள்.

வண்டி ஏறப்போன நேரத்தில் தபால்காரர் ஒரு நீல வான்கடிதத்தைக் கையில் கொடுத்தார். முகவரி எழுதியிருந்த எழுத்து தலவாக்கலைக் கடை நானாவுடையது. அக்காவுக்கு எழுத்துத் தெரியாது. அவள் சொல்ல நானா எழுதுவார். ஏழு வாரமாக அந்தக் கடிதத்துக்காகத்தான் காத்திருந்தேன். என் மகள் என்னிடம் வருகிறாளா இல்லையா என்பது அதற்குள் இருந்தது. துரை ஹார்ன் அடித்தார். கடிதத்தை மடித்து மேலங்கிக்குள் வைத்துக்கொண்டு ஏறினேன். பிரிக்க நேரமில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பொய். பயம்.

2

ஒரு தாய் தன் பிள்ளையைக் காகிதத்தில் எப்படித் தொலைக்க முடியும் என்று கேட்பீர்கள். அரிசியால் தொலைத்தேன்.

என் புருஷன் மஞ்சள்காமாலையில் போனபோது தனத்துக்கு எட்டு மாதம். அவள் பிறந்ததைப் பதியச் சொல்லிக் கணக்கப்பிள்ளையிடம் அவர் சொல்லியிருந்தார். கணக்கப்பிள்ளை "ஆகட்டும்" என்றார். எங்கள் தோட்டத்தில் "ஆகட்டும்" என்றால் ஆகாது என்று அர்த்தம். அப்போது யாருக்கும் அது பெரிதாகப் படவில்லை. பிள்ளை கண் முன்னால் தவழ்கிறது, அது பிறந்ததற்கு வேறு என்ன அத்தாட்சி வேண்டும்?

நான் கப்பல் ஏறியதும் என் பெயரைச் செக்ரோலிலிருந்து, அதாவது தோட்டத்து ஆள் பதிவேட்டிலிருந்து, வெட்டினார்கள். பெயர் வெட்டினால் அரிசிக் கூப்பனும் போகும். என்னோடு சேர்ந்து என் பிள்ளையின் கூப்பனும் போயிற்று. பிள்ளைக்கு அரிசி வேண்டுமே. அக்கா நேரே ஆபீசுக்குப் போய், "எம் பிள்ளைதாங்க இது, எழுதிக்கங்க" என்றிருக்கிறாள். எழுதிக்கொண்டார்கள். அக்கா பொய் சொன்னதாக நினைக்காதீர்கள். எங்களில் யார் நினைப்பார்கள்? அம்மாவின் அக்கா பெரியம்மா. அவள் சமைத்ததைச் சாப்பிட்டு, அவள் முந்தானையில் தூங்குகிற பிள்ளை அவள் பிள்ளைதான்.

இரண்டு வருடம் கழித்துப் பள்ளிக்கூடத்தில் பிறப்புச் சான்று கேட்டார்கள். கூப்பன் புத்தகத்தைக் காட்டித் தாமதப் பதிவு செய்யலாம் என்று யாரோ அக்காவுக்குச் சொல்ல, என்ன செய்வது என்று என்னிடம் கடிதம் போட்டுக் கேட்டாள். நான் எழுதிய பதில் எனக்கு வரிக்கு வரி நினைவிருக்கிறது. "எப்படி எழுதினால் என்ன அக்கா, பிள்ளை நம்முடையதுதானே, படிப்பு நின்றுபோகக் கூடாது." அக்கா எழுதவைத்தாள். தாயின் பெயர்: பேச்சியம்மா. தகப்பன் பெயர்: கருப்பையா. கருப்பையா மாமா அக்காவின் புருஷன். பிறந்தபோது தனத்தைக் கையில் வாங்கியவரும் அவர்தான்.

தவறு என்னுடையது. அக்காவைக் குறை சொல்ல எனக்கு வாய் இல்லை. அவளுக்கு வாய்த்த அறிவு ஒரு பிள்ளைக்குச் சோறு போடுகிற அறிவு. நான்தான் பங்களாவில் இருந்தவள், காகிதத்துக்கு எவ்வளவு பலம் என்று பார்த்தவள்.

3

ஐஸின் மேல் நடப்பதற்கு ஒரு முறை இருக்கிறது. துரை முன்னால் போவார். கையில் கடப்பாரை. நாலு அடிக்கு ஒருதரம் ஓங்கிக் குத்துவார். சத்தம் கட்டையாக வந்தால் போகலாம். பொத்தலாகிவிட்டால் திரும்பிவிட வேண்டும். கரையிலிருந்து கொஞ்ச தூரத்துக்குக் கால் வைக்கிற இடத்தைப் பார்த்து வையுங்கள் என்று இரண்டு தடவை சொன்னார். அணைக்காரர்கள் தண்ணீரைத் திறந்துவிடுவதால் ஏரி உள்ளே இறங்கிவிடுமாம். கரையோர ஐஸ் மட்டும் கீழே தண்ணீர் இல்லாமல் அந்தரத்தில் நிற்குமாம். யாராவது விழுந்தால் ஓடிப் போய்த் தூக்கக் கூடாது, குப்புறப் படுத்துத்தான் இழுக்க வேண்டும் என்றும் சொன்னார். "புரிஞ்சதா பழனியம்மா?" என்றார். துரை என்னிடம் இன்னும் தோட்டத்துத் தமிழில்தான் பேசுவார். அந்தத் தமிழில் கட்டளையைத் தவிர வேறொன்றுக்கும் சொற்கள் கிடையாது.

நடு ஏரியில் மூன்று குழி வெட்டினார். பானை வாய் அகலம். நாலு விரற்கடைக் கனத்துக்கு ஐஸ், அதற்குக் கீழே கறுப்பாகத் தண்ணீர். குழியில் ஆடை படர்ந்துகொண்டே இருக்கும். அதை எடுத்துப்போட ஒரு கண்கரண்டி கொண்டுவந்திருந்தார்கள். என் குசினியில் வடை அரிக்கிற கரண்டிதான் அது. முழ நீளத் தூண்டில், அதில் மீன்முட்டையை இரையாகக் கோத்துக் கீழே விட்டுவிட்டு, கவிழ்த்த வாளியின் மேல் உட்கார்ந்து குழியையே பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். இதற்குப் பெயர் பொழுதுபோக்கு. குளிரில் நாள் முழுக்க நின்று கொழுந்து பறித்த சனத்திடம் இதைச் சொன்னால் அடிக்க வருவார்கள்.

முதல் மீன் ஹெலனுக்குத்தான் கிடைத்தது. ஒன்றரை அடி இருக்கும். விலாவில் இளஞ்சிவப்பாக ஒரு கோடு. ஐஸில் போட்டதும் துள்ளியது, பிறகு துள்ளல் குறைந்தது, கொஞ்ச நேரத்தில் கட்டையாக விறைத்துப்போயிற்று.

எனக்கு இந்த மீன் புதிதல்ல. நுவரெலியாப் பக்கத்து ஓடைகளில் வெள்ளைக்காரர்கள் விட்டு வளர்த்த மீன் இது. நமக்கு அதைத் தொட அனுமதியில்லை, காவலுக்கு ஆள் உண்டு. துரை பிடித்து வருவார், சமையற்காரர் வெண்ணெயில் வாட்டுவார், நான் முள்ளெடுத்து ஹெலனுக்கு ஊட்டுவேன். ஒரு நாள் மிச்சமிருந்த ஒரு துண்டை வாழை இலையில் மடித்துத் தனத்துக்குக் கொண்டுபோனேன். வேலைக்குப் போகிறவர்கள் பிள்ளைகளை விட்டுப்போகிற பிள்ளைக்காம்பராவின் வாசலில் உட்காரவைத்து வாயில் வைத்தேன். தூவென்று துப்பிவிட்டாள். "ஒறப்பே இல்லம்மா" என்றாள். மூன்று வயதில் அவளுக்கு மாசிச் சம்பல்தான் மீன். அன்றைக்குச் சிரித்தேன். ஏரியில் உட்கார்ந்து கணக்குப் பார்த்தேன். ஒரு பிள்ளைக்கு இரண்டு வேளையும் ஊட்டினேன், என் பிள்ளைக்கு ஒரு துண்டு மிச்சம் கொண்டுபோனேன். இந்தக் கணக்கை யாரும் என்னிடம் கேட்கவில்லை. நானே கேட்டுக்கொள்கிறேன்.

கடிதம் மேலங்கிக்குள் இருந்தது. மூன்று தடவை கையுறையைக் கழற்றினேன். மூன்று தடவையும் விரல் விறைக்கிறது என்று மறுபடி மாட்டிக்கொண்டேன்.

4

ஏன் பத்து வருடம் காத்திருந்தாய் என்று யாராவது கேட்டால் கோபம் வருகிறது. கேட்பது நியாயம்தான். அதனால்தான் கோபம் வருகிறது.

இரண்டு வருடம் முடிந்ததும் திரும்பப் பார்த்தேன். எந்த நாட்டுக்காரி என்று கேட்டார்கள். இலங்கையில் பிறந்தவள் என்றேன். பிறந்தால் போதாது, பிரஜையா என்றார்கள். என் அப்பா போட்ட மனுவை என்றைக்கோ தள்ளிவிட்டார்கள். இந்தியாவா என்றார்கள். இந்தியாவை நான் பள்ளிக்கூடத்துப் படத்தில்தான் பார்த்திருக்கிறேன். கொழும்பில் கப்பலை விட்டு இறங்கினால் உள்ளே விடுவார்கள் என்பதற்கு உறுதி கிடையாது. இங்கிருந்து போய்விட்டால் மறுபடி இங்கே வரவும் முடியாது. நடுக்கடலில் ஒரு குடிசை போட்டால்தான் உண்டு. ஆகவே, இந்த நாட்டுக் குடியுரிமை கிடைக்கட்டும், பிறகு பிள்ளையைக் கூப்பிட்டுக்கொள்வோம் என்று இருந்தேன். போன வருடம்தான் கிடைத்தது.

இந்த வருடம் பனி உருகியதும் துரை என்னைக் கல்கரி நகரத்து அலுவலகத்துக்குக் கூட்டிப்போனார். அங்கே இருந்த அதிகாரி நல்ல மனிதர். நாற்காலி போட்டு உட்காரவைத்தார். தனத்தின் பிறப்புச் சான்றைப் பார்த்து, "இதில் தாய் என்று வேறு பெயர் இருக்கிறதே" என்றார்.

"அது என் அக்கா" என்றேன்.

"அப்படியானால் இந்தப் பெண் உங்கள் அக்காவின் மகள்."

இங்கேதான் நான் வாயைக் கொடுத்தேன். அரிசிக் கதையைச் சொன்னேன், அவருக்கு விளங்கவில்லை. கூப்பன் என்றால் என்ன, செக்ரோல் என்றால் என்ன என்று எல்லாவற்றுக்கும் விளக்கம் சொல்ல வேண்டியிருந்தது. கடைசியில், அக்கா மேல் தப்பாக நினைத்துவிடப் போகிறாரே என்று நல்லபடியாகச் சொல்வதாக நினைத்து, "ஐயா, எங்கள் ஆட்களில் அக்கா பிள்ளை, என் பிள்ளை என்று பிரிப்பதில்லை. இரண்டும் ஒன்றுதான்" என்றேன். பெருமையோடுதான் சொன்னேன். அவர் தலையை ஆட்டிக்கொண்டு அதை அப்படியே எழுதிக்கொண்டார். பிறகு துரை வாசித்துக் காட்டினார்: விண்ணப்பதாரி தன் சமூக வழக்கப்படி அக்காவின் மகளையும் மகள் என்றே அழைக்கிறார்.

என் வாயாலேயே என் பிள்ளையை இரண்டாம் முறையும் எழுதிக் கொடுத்துவிட்டேன்.

ஆனாலும் அந்த அதிகாரி கதவை மூடவில்லை. சான்றில் தாய் என்று உள்ளவர், தான் பெற்றவள் இல்லை என்று உறுதிமொழி எழுதிக் கையெழுத்து வைத்து அனுப்பினால் மேலே பார்க்கலாம் என்றார். கொழும்புக்கும் எழுதி விசாரிப்போம் என்றார். அந்த உறுதிமொழியை வக்கீல் ஒருவரிடம் எழுதி வாங்கவே ஐந்து மாதம் ஆயிற்று. வாங்கியதும் அக்காவுக்கு அனுப்பினேன். ஏழு வாரமாக எதிர்பார்த்தது அதைத்தான்.

ஹெலனுக்கு இதெல்லாம் தெரியாது. எனக்கு ஒரு மகள் இருக்கிறாள் என்பதே தெரியாது. வந்த புதிதில் துரைசாணி, "குழந்தையிடம் அதைச் சொல்லாதே, மனம் கலங்கிப்போவாள்" என்றார். யார் மனம் கலங்கும் என்று எனக்கு விளங்கவில்லை, இருந்தாலும் சொல்லவில்லை. ஹெலன் முதலில் பேசியது தமிழ்தான். "ஆயா, பாச்சி", "ஆயா, மழ வருது" என்று லயத்துப் பிள்ளை மாதிரியே பேசுவாள். இங்கே பள்ளிக்கூடம் போன இரண்டாம் வருடம், சிநேகிதிகள் முன்னால் நான் தமிழில் கூப்பிட்டபோது முகம் சிவந்து நின்றாள். அன்றிலிருந்து நான் தமிழில் கேட்டால் அவள் ஆங்கிலத்தில் பதில் சொல்வாள். பிறகு நானும் ஆங்கிலத்திலேயே கேட்கப் பழகினேன். இன்றைக்கு இந்த ஊரில் நான் தமிழ் பேசுவது துரையிடமும் அடுப்பிடமும்தான்.

5

மத்தியானம் திரும்பியபோது ஏழு மீன். துரை சறுக்குப் பலகையில் சாமான்களைக் கட்டி இழுத்துக்கொண்டு முன்னால் போனார். வந்த தடத்திலேயே நானும் போனேன். ஹெலன் பாறை ஓரமாகக் குறுக்கே போனாள். பதின்மூன்று வயதுப் பிள்ளைக்குப் போன வழியே திரும்புவது சரிப்படாது.

சத்தம் பெரிதாக இல்லை. அப்பளம் நொறுங்குகிற சத்தம். திரும்பினால் இடுப்பு வரை பிள்ளையைக் காணோம். கைகள் இரண்டும் ஐஸைப் பிறாண்டுகின்றன, பிடித்த இடமெல்லாம் உடைந்து வருகிறது.

"ஆயா! ஆயா, புடி! புடி!"

தமிழ். அந்தப் பிள்ளை மறந்துவிட்டது என்று நான் நினைத்திருந்த தமிழ்.

துரை சொன்னது எல்லாம் எனக்கு நினைவுக்கு வந்ததா என்று தெரியாது. ஆனால் குப்புறப் படுத்திருந்தேன். கழுத்துச் சால்வையை வீசினேன். முதல் தடவை எட்டவில்லை. இன்னும் ஊர்ந்தேன், என் மார்புக்குக் கீழே ஐஸ் முனகியது. "புடிச்சுக்க சாமி, விட்ராத, ஆயா இருக்கேன்" என்று கத்திக்கொண்டே இழுத்தேன். துரை வந்து என் கால்களைப் பிடித்து இழுத்தார். மூன்று பேரும் ஒரே கொத்தாகப் பின்னால் வந்து விழுந்தோம்.

வண்டிக்குள் கொண்டுபோய் நனைந்ததையெல்லாம் உரித்தேன். என் மேலங்கியை அவளுக்குப் போட்டு, அவளுடைய பாதங்களை என் வயிற்றோடு சேர்த்து வைத்துத் தேய்த்தேன். பல் கிட்டியபடி, "ஆயா, குளுருது" என்றாள். பிறகு பயம் தெளிந்ததும் ஆங்கிலத்துக்குப் போய்விட்டாள். கொஞ்ச நேரத்தில் என் மடியிலேயே தலை வைத்துத் தூங்கினாள். துரை கதவருகே நின்று பார்த்தார். கண் கலங்கியிருந்தது. என்னவோ சொல்ல முயன்றார். அவரிடமிருந்த தமிழில் கடைசியில் அகப்பட்டது, "நல்ல வேல செஞ்சே, பழனியம்மா."

கூடை நிறையக் கொழுந்து போட்டால் சொல்வது அது. அவர் மேல் கோபப்பட்டுப் பயனில்லை. இயந்திரத்தைச் சூடாக்க அவர் வண்டியின் முன்பக்கம் போனார். ஹெலனுக்குப் போர்த்திய மேலங்கியின் உள்பையில் கடிதம் நனையாமல் கசங்காமல் அப்படியே இருந்தது. எடுத்துப் பிரித்தேன்.

6

முதல் பக்கம் நானாவின் எழுத்து. அக்கா சொன்னதை ஒரு சொல்லும் மாற்றாமல் எழுதுகிறவர் அவர்.

"பழனி, நீ அனுப்புன காயிதத்துல கைநாட்டு வைக்க எனக்கு ஒண்ணும் கஷ்டம் இல்ல. பெத்தவ நீதான், அது மாரியாத்தாளுக்குத் தெரியும். ஆனா தோட்டத்து ஆளுகள இந்தியாவுக்கு அனுப்புற கண்டி ஆபீசுல என்னா சொல்றாங்கன்னா, கனடாவுல ஒருத்தி இந்தப் புள்ள மேல உரிமை கேட்டிருக்கா, அது முடியிற வரைக்கும் இதுக்கு மட்டும் இந்தியா பாஸ்போட்டு கெடையாதுங்கிறாங்க. எங்க எல்லாருக்கும் வந்திருச்சு. மாமா பேர வெட்டிட்டாங்க. தை பொறக்கிறதுக்குள்ள காம்பராவக் காலி பண்ணணும். நாங்க கப்பல் ஏறிட்டா இவள யாருகிட்ட விடுறது? ஒன் காரியம் முடிய எத்தன வருசம் ஆகும்னு ஒனக்கே தெரியாது. இந்தப் புள்ள எனக்குப் பொறக்கல, எங்க அக்கா புள்ளன்னு நீ அந்த ஆபீசுக்கு ஒரு காயிதம் எழுதிக் குடுத்தா எல்லாம் ஒண்ணாப் போயிரலாம். அப்பிடி எழுத ஒனக்கு மனசு இல்லன்னா, நீ அனுப்புனதுல நான் கைநாட்டு வச்சு அனுப்புறேன். நான் ஒன்ன வஞ்சிக்கல. அவளையே கேட்டேன். அவ எழுதியிருக்கா, படிச்சுக்க. நான் ஒண்ணும் சொல்லிக் குடுக்கல."

அடுத்த பக்கம் தனத்தின் எழுத்து. நான் அவளுடைய எழுத்தைப் பார்த்தது அன்றைக்குத்தான். சாய்வில்லாத, குண்டு குண்டான எழுத்து.

"சின்னம்மாவுக்குத் தனலெட்சுமி எழுதுறது. நீங்கதான் என்னப் பெத்தவங்கன்னு எனக்குத் தெரியும். அம்மா மறைக்கல. நீங்க போன அன்னிக்கு ரயில் டேசன்ல எனக்கு பிஸ்கட் வாங்கிக் குடுத்தீங்க. அது ஞாபகம் இருக்கு. ஒங்க மூஞ்சி ஞாபகம் இல்ல, கோவிச்சுக்காதீங்க. அம்மாவுக்கு இப்ப ரெண்டு முழங்காலும் வீங்கி நடக்க முடியல. ராத்திரி நான்தான் எண்ணெ போட்டுத் தேய்ச்சு விடுறேன். கப்பல்ல அவங்கள யாரு புடிச்சுக்குவா? கண்டியில அந்த அய்யா என்னய முன்னால நிக்க வச்சு ஒங்க அம்மா யாருன்னு கேட்டாரு. நான் அம்மாவக் காட்டினேன். எனக்குப் பொய்யின்னு தோணல. என்னய நீங்க கூப்பிட்டது எனக்குச் சந்தோசம்தான் சின்னம்மா. ஆனா நான் வரல. என் பேர விட்ருங்க."

மூன்று தடவை படித்தேன். ஹெலனின் தலை மடியில் இருந்ததால் அசைய முடியவில்லை. சத்தம் போட்டு அழவும் முடியவில்லை. பிள்ளை விழித்துக்கொள்வாளே என்று நினைத்தேன். பத்து வருடப் பழக்கம்.

அக்கா மேல் ஒரு கணம் ஆத்திரம் வந்தது உண்மை. ஒளிக்காமல் எழுதுகிறேன். பிறகு அந்த எண்ணெயை நினைத்தேன். இருட்டிய காம்பராவில் என் பிள்ளை உட்கார்ந்து அக்காவின் முழங்காலைத் தேய்க்கிறாள். யாரும் சொல்லிச் செய்வதில்லை அது. அப்படி ஒரு பிள்ளையாக அவளை வளர்த்தது நான் இல்லை. இந்த விண்ணப்பத்தை நான் விடாமல் பிடித்திருந்தால், அவள் தோட்டமும் இல்லாமல் நாடும் இல்லாமல் யாரோ ஒருவர் வீட்டில் என்னை எதிர்பார்த்து நிற்பாள். காத்திருப்பது எப்படி என்று எனக்குத் தெரியும். அதை அவளுக்குக் கொடுக்க மனம் வரவில்லை.

துரை மீனைப் பொரிக்கச் சொல்லவில்லை. நேரே வீட்டுக்கு ஓட்டினார்.

7

மூன்று நாள் பொறுத்தேன். துரையிடம் சொன்னால், யோசித்துச் செய், வக்கீலைக் கேட்போம் என்பார். தை பிறப்பதற்குள் கடிதம் கண்டிக்குப் போய்ச் சேர வேண்டும். ஹெலன் பள்ளிக்கூடத்தில் தட்டச்சு படிக்கிறாள். சனிக்கிழமை காலை, குசினி மேசையில் மாவுத் தூளைத் துடைத்துவிட்டு அவளுடைய இயந்திரத்தை வைத்தேன். ஊருக்கு ஒரு கடிதம், ஆங்கிலத்தில் வேண்டும் என்றேன். ஏரியில் நடந்ததிலிருந்து அவள் என்னிடம் கொஞ்சம் ஒட்டியே இருந்தாள். உடனே உட்கார்ந்தாள்.

நான் சொல்லச் சொல்ல அடித்தாள். கல்கரி அலுவலகத்துக்கு ஒன்று, கண்டிக்கு ஒரு பிரதி. தனலெட்சுமி என்னும் பெண்ணைக் குறித்து நான் கொடுத்த விண்ணப்பத்தைத் திரும்பப் பெறுகிறேன். அவள் என் அக்கா பேச்சியம்மாவின் மகள். பிறப்புச் சான்றில் உள்ளது சரி. அவள் மேல் எனக்கு உரிமை எதுவும் இல்லை.

ஹெலன் கையை எடுத்தாள். "உனக்குப் பிள்ளைகள் இல்லை என்று இவர்களுக்குத் தெரியாதா? ஏன் உன்னைப் போட்டு இப்படி அலைக்கழிக்கிறார்கள்?" என்று கேட்டாள். எனக்காகக் கோபப்பட்டாள். அந்தக் கோபத்தில் அவள் நல்ல பிள்ளை. அவளையும் நான்தான் வளர்த்தேன்.

"ஏதோ ஒரு காகிதக் குழப்பம்" என்றேன்.

தாளை உருவி என் முன்னால் வைத்தாள். "அவளுக்கு என்ன வயது, ஆயா?"

"பதினாலு."

"என்னைவிட ஒரு வயதுதான் கூட. எப்படி இருப்பாள்?"

"தெரியாது ஹெலன். நான் கடைசியாகப் பார்த்தபோது அவளுக்கு நாலு வயது" என்றேன்.

அவள் பேனாவை என் கையில் கொடுத்து, கையெழுத்துப் போட வேண்டிய கோட்டை விரலால் காட்டினாள். போட்டேன்.